மூடுபனி எக்ஸ்பிரஸில் ஒரு வாக்கியம்

குசானோவின் இருக்கையில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்.

அரைகுறைத் தூக்கமும் இல்லை. காலணிகளைக் கழற்றி ஜோடியாகக் கீழே வைத்துவிட்டு, பாதி தின்ற கோழிச்சோற்றுப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, பரம்பரையாக அந்த ஜன்னலோரத்திலேயே குடியிருப்பவர் போலத் தூங்கினார் அந்தக் கனத்த மனிதர். குசானோ தன் டிக்கெட்டைப் பார்த்தார். இரண்டாம் பெட்டி, நான்கு ஏ. இருக்கையைப் பார்த்தார். நான்கு ஏ. டிக்கெட்டாவது மனம் இரங்கி மாறியிருக்குமோ என்று மறுபடியும் பார்த்தார். மாறவில்லை.

"மன்னிக்கணும்" என்றார், அவர் காதில் விழாத குரலில். பிறகு தூங்குகிறவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, பெட்டிகளுக்கு இடையில் இருந்த கதவோர இடத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

ஹகாதாவை விட்டு வண்டி மெல்ல நகர்ந்தது. யுஃபுயின் வரை இரண்டே கால் மணி நேரம். அதற்குள் குசானோ ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தாக வேண்டும்.

குசானோ நொபுஹிதோவுக்கு ஐம்பத்தாறு வயது. அரிசிக் குக்கர் செய்யும் ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவு. முப்பத்தொரு வருடங்களாக, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, முகம் தெரியாதவர்களிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பதுதான் அவருடைய வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சோறு குழைந்ததற்காக அவர் கேட்ட மன்னிப்பில் அழுதுவிட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மனிதர் ஊமை. மனைவி தொமோயேயிடம் அவர் பேசியது மூன்றே சொற்கள்: சோறு, குளியல், தூக்கம். சூப்பைப் பற்றி ஏதாவது சொன்னால் அது உபரி.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் தொமோயே ஒரு கோப்பையோடு வீட்டுக்குள் வந்தாள். வட்டாரப் பாடற்குழுப் போட்டியில் அவள் பாடியதற்கு இரண்டாம் பரிசு. கோப்பையை அவர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குசானோவுக்கு நெஞ்சு பொங்கியது. என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் போலிருந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், "சூப்புல உப்பு கம்மி" என்றார்.

மறுநாள் தொமோயே யுஃபுயினில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். குளிர்பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'சொல்றதுக்கு ஏதாவது இருந்தா வாங்க. இல்லேன்னா அரிசி கீழ்த்தட்டுல இருக்கு.'

நேற்று தொலைபேசியில் அவளே விவரமும் சொல்லிவிட்டாள். "பதினொன்றரை வண்டிக்கு பிளாட்பாரத்துல நிப்பேன். இறங்கினதும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. சோறு, குளியல், தூக்கம் எதுவும் அதுல வரக்கூடாது. சொல்ல முடியலேன்னா, அக்கா ஊராட்சி ஆபீஸ்லேருந்து மணவிலக்கு மனு வாங்கி வெச்சிருக்கா. கையெழுத்துக்குப் பதிலா என் பேர் முத்திரை வெச்சாச்சு. உங்களுதை மறக்காம எடுத்துட்டு வாங்க."

குசானோ ராத்திரியெல்லாம் எழுதினார். எட்டு வரைவுகளைக் கிழித்தார். தேறிய ஒன்பதாவது அட்டை சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் படித்தார். 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்.' மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டார்.

"சார், உங்க சீட் எங்கே? நான் கூட்டிட்டுப் போறேனே."

பணிப்பெண் ஒருத்தி எதிரே நின்றாள். சட்டையில் ஹொனாமி என்று பெயர்ப்பட்டை. எண்ணைச் சொன்னால் இவள் போய் அந்தத் தூங்குமூஞ்சியை எழுப்புவாள். அவர் பதறி எழுந்து, சோற்றைக் கவிழ்த்து, நூறு முறை குனிந்து, பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்க மானம் போய் நிற்பார். ஒரு மனிதனுக்குச் செய்கிற காரியமா இது?

"எனக்கு நிக்கிறதுதாம்மா சௌகரியம். இடுப்பு வலி. டாக்டர் உட்காரவே கூடாதுன்னுட்டார்."

"ரெண்டே கால் மணி நேரமுமா?"

"இன்னும் கூட நிக்கலாம்னுதான் சொன்னார்."

ஹொனாமி ஓடினாள். திரும்பும்போது கையில் ஒரு போர்வை, இரண்டு தலையணை, வலிக்கு ஒட்டும் சூட்டுப் பட்டை. பின்னாலேயே முதலுதவிப் பெட்டியோடு கண்டக்டரும் வந்தார்.

"சார், வலி எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுது? வழியில ஹிதா ஸ்டேஷன்ல ஸ்ட்ரெச்சர் ரெடியா வைக்கச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். சரியாப் போச்சு."

"எப்போ?"

"இப்பத்தான். நீங்க வந்ததும்."

கண்டக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. குனிந்து வணங்கிவிட்டுப் போனார். ஹொனாமி மட்டும் போகவில்லை. குசானோவைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள்.

"தனியாத்தான் வந்தீங்களா சார்?"

"ஆமாம்மா."

"இடுப்புதான் சரியாப் போச்சே, இனி உட்காரலாம். மூணாம் பெட்டியில ஒரு சீட் காலி இருக்கு. வாங்க."

மாட்டேன் என்றால் மறுபடி இடுப்பு வலிக்க வேண்டும். குசானோ பின்னாலேயே போனார்.

ஜன்னலோரத்தில் அறுபதை ஒட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நாவல்பழ நிறத்தில் சால்வை, சுத்தமாக முடிந்த கொண்டை. "வாங்க வாங்க, கூட வர வேண்டியவர் வரல. சும்மாத்தான் கிடக்கு" என்று பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டி, குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். திருமதி அசாகுரா என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

குசானோ முதல் வாய் தேநீரை விழுங்குவதற்குள் அதே கண்டக்டர் இருக்கைப் பட்டியலோடு வந்து சேர்ந்தார்.

"ஏழு ஏ, ஏழு பி. அசாகுரா தம்பதி. அடடே, இடுப்புக்காரர்! நீங்கதானா சார் அசாகுரா? ரொம்ப சந்தோஷம்." பட்டியலில் ஒரு கோடு. இடுப்பு மடிய ஒரு வணக்கம். அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

குசானோ திறந்த வாயை மூடவில்லை. "நீங்களாவது இல்லேன்னு சொல்லியிருக்கலாமே" என்றார் மெதுவாக.

"பாவம், அவ்வளவு அழகாக் குனிஞ்சு வணங்கினாரு. அதுக்கப்புறம் எப்படிங்க சொல்றது?"

குசானோவாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஹிதாவைத் தாண்டியதும் வண்டி மலைக்குள் நுழைந்தது. தேவதாரு மரங்கள் ஜன்னலை உரசுகிற தூரத்தில் வந்து வந்து போயின. கீழே ஆறு, இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம். இலையெல்லாம் உதிர்ந்த சீமைப்பனிச்சை மரங்களில் பழங்கள் மட்டும் சிவக்கச் சிவக்கத் தொங்கின. மலையிலிருந்து இறங்கிய பனி தண்டவாளத்தின் மேல் படுத்திருந்தது. சக்கரச் சத்தமே கேட்காதது போல, வண்டி பனியில் மிதந்துகொண்டு போவது போல இருந்தது. குசானோவுக்குத் தான் யார், எதற்குப் போகிறோம் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தில் போயிற்று. வயலில் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து வண்டியைப் பார்த்துக் கையசைத்தார்கள். இவர் கையும் தானாக எழுந்து அசைந்தது. நல்ல சுகமான நேரம். அதைக் கெடுக்க ஒலிபெருக்கி விழித்துக்கொண்டது.

"பயணிகளுக்கு ஓர் இனிய செய்தி. மூன்றாம் பெட்டியில் பயணம் செய்யும் அசாகுரா தம்பதிக்கு இன்று முப்பதாவது மணநாள். அனைவரும் வாழ்த்துவோம்!"

பெட்டி முழுக்கக் கைதட்டல். ஹொனாமி சின்ன கேக்கோடு வந்துவிட்டாள். இன்னொரு பணிப்பெண், நவம்பர் 12 என்று எழுதிய பலகையை அவர்கள் கையில் கொடுத்துத் தலையில் ஆளுக்கொரு ரயில் தொப்பியையும் வைத்தாள்.

"கொஞ்சம் ஒட்டி உட்காருங்க சார். முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் என்ன வெட்கம்!"

கேமரா மின்னியது. குசானோ அதில் திருடனைப் போல் விழுந்திருப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

எதிர்வரிசையில் ஓசாகாக்காரர் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். வாய்ப்பேச்சுக்குப் பேர்போன ஓசாகாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எழுந்தே வந்துவிட்டார்.

"எங்கே சார் முதன்முதல்ல சந்திச்சீங்க?"

"மழையில" என்றார் குசானோ.

"கோயில் திருவிழாவுல" என்றார் அந்த அம்மாள், அதே நொடியில்.

"மழையில நடந்த கோயில் திருவிழாவுல" என்றார் குசானோ.

"அடேயப்பா! குழந்தைங்க?"

"இல்லை" என்றார் குசானோ. "ரெண்டு பொண்ணு" என்றார் அம்மாள்.

"ரெண்டும் கல்யாணமாகிப் போயிட்டாங்க. அதனால இப்ப இல்லை" என்றார் குசானோ. முப்பத்தொரு வருடப் புகார்ப் பிரிவில் இப்படிப் பட்டென்று அவருக்குப் பதில் வந்ததே கிடையாது.

இது இனி எங்கே போய் நிற்குமோ என்று பயந்து, ஓசாகாக்காரரைக் கதவோரத்துக்குத் தனியாக அழைத்துப் போனார். ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டால், அவர் மற்றவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுவார்.

"ஒரு விஷயம். மனசுல வெச்சுக்குங்க. அந்த அம்மா என் மனைவியே இல்லை."

ஓசாகாக்காரர் அவரை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு இடிஇடியென்று சிரித்தார்.

"எனக்கும் சில நாள் காலையில எழுந்திருச்சா அப்படித்தான் சார் இருக்கு!" பெட்டிக்குள் ஓடினார். "கேட்டீங்களா? 'என் மனைவியே இல்லை'ங்கறார்! மூஞ்சியைப் பாருங்க, என்னமா வெச்சிருக்கார்! இவரைப் பேச விடணுங்க! யாரும்மா அங்கே, அந்த மைக்கைக் குடுங்க!"

மைக் வந்தது. பெட்டியில் ஐம்பது முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மலைச் சரிவில் அருவி தெரியும் இடம் வந்ததால் வண்டியும் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. தப்பிக்க வழியே இல்லை.

குசானோ சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். "தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்" என்று படித்தார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அட்டையில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அருவி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அதன் கீழே பனிக்குள் ஒரு பெண் நின்று, தெரிந்தவர் யாருமே இல்லாத இந்த வண்டியைப் பார்த்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி அசைத்துக்கொண்டிருந்தாள். குசானோ அட்டையை மடித்துப் பையில் போட்டார். அடுத்த கணம் வாய் தானாகத் திறந்துகொண்டது.

அதன் பிறகு என்ன பேசினார் என்று அவருக்கே சரியாக நினைவில்லை. கனவில் பேசுவது போலத்தான் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரே குடைக்குள் இரண்டு பேர் நின்றதைச் சொன்னார் போலிருக்கிறது. பக்கத்து அறையில் முள்ளங்கி நறுக்கும் சத்தம் கேட்டால்தான் வீடு வந்து சேர்ந்ததாகத் தோன்றும் என்றார். குளியலறையில் நீ பாடிப் பழகும்போதெல்லாம் செய்தித்தாளை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று கேட்டேன், ஒரு குளிர்காலம் முழுக்கக் கேட்டேன், கால் மரத்துப் போகும், ஆனாலும் நகர மாட்டேன் என்றார். நாளைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன், சொல்லாமலே தெரியும் என்று நினைத்துவிட்டேன், தப்பு என் மேல்தான், நீ பக்கத்தில் இல்லாத வீட்டில் எனக்கு விளக்குப் போடக்கூடத் தோன்றவில்லை என்றார். எவ்வளவு நேரம் பேசினாரோ, அருவி எப்போதோ பின்னால் போயிருந்தது.

ஓசாகாக்காரரின் மனைவி கணவர் காதில் ஏதோ கேட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மூக்கைச் சிந்தினார். பிறகு கைதட்டல் எழுந்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் அசாகுரா அம்மாள், அவர் கையை மெல்லத் தட்டி. அவர் கண்களும் கலங்கியிருந்தன. உதட்டோரத்தில் மட்டும் ஒரு குறும்புச் சிரிப்பு.

குசானோ இருக்கையில் சரிந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தொமோயேக்காக இருபத்தாறு வருடங்களாகச் சேர்ந்து கிடந்த பேச்சு அத்தனையையும், வழியில் யாரென்றே தெரியாத ஓர் அம்மாளுக்கு வாரிக் கொடுத்தாயிற்று. மனசைத் துழாவிப் பார்த்தார். துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஒரு சொல் மிச்சமில்லை. யுஃபுயினுக்கு இன்னும் பத்தே நிமிடம்.

யுஃபுயினுக்குப் பின்னாலிருந்த மலையின் இரட்டைச் சிகரம் பனிக்கு மேலே எழும்பி நின்றது. வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் "ஆஹா" என்றார்கள். குசானோ மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

யுஃபுயின் நிலையத்தில் அவருக்காக ஒரு துணிப் பதாகை காத்திருந்தது. 'அசாகுரா தம்பதிக்கு முப்பதாம் மணநாள் வாழ்த்துகள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, நிலைய ஊழியர்கள் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நின்றார்கள். பதாகைக்குச் சரியாக நடுவில், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, தொமோயே நின்றாள்.

வண்டியின் படி உயரமானது. அசாகுரா அம்மாள் குசானோவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இருவர் தலையிலும் இன்னும் அந்த ரயில் தொப்பி. ஊழியர் ஒருவர் ஓடிவந்து குசானோ கையில் பூங்கொத்தைத் திணித்தார். ஓசாகாக்காரர் ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினார். "இன்னும் முப்பது வருஷம் ஒண்ணா இருங்க சார்!"

"நல்லா இருங்க, வீட்டுக்காரரே" என்று சொல்லிவிட்டு அசாகுரா அம்மாள் பனிக்குள் நடந்து மறைந்தார்.

தொமோயே பதாகையைப் பார்த்தாள். பூங்கொத்தைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள்.

"முப்பதாவது மணநாளா?" என்றாள். "நமக்கு இருபத்தாறுதானே ஆச்சு. மீதி நாலு வருஷம் யாருங்க கூட?"

குசானோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்கதோஷத்தில் தொண்ணூறு பாகைக்குக் குனிந்தார். "தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு…"

"இந்தக் குக்கர் மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். ஒரு வாக்கியம் கேட்டேன். இருக்கா, இல்லையா?"

நிமிர்ந்தார். பதினொரு நாளில் அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள். வாயைத் திறந்தார். வரவில்லை. எச்சில் விழுங்கி இன்னொரு முறை திறந்தார். தேடித் தேடி, காலியான மனசின் மூலையிலிருந்து, ஒரே ஒரு சொல் வெளியே வந்து விழுந்தது.

"சோறு…"

தொமோயேயின் முகம் மூடிக்கொண்டது. கைப்பையைத் திறந்து, பச்சை எழுத்தில் அச்சிட்ட மனுவை எடுத்தாள். "முத்திரை கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். அவள் குரல் லேசாக உடைந்திருந்தது. குசானோ பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சட்டைப் பையைத் தடவினார். முத்திரை இருந்தது. எடுத்தார்.

"ஒரு நிமிஷம்! ஒரு நிமிஷம்மா!"

ஹொனாமி பிளாட்பாரத்தில் ஓடிவந்தாள். பதாகை, மனு, முத்திரை எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்தவள், மூச்சு வாங்கத் தொமோயேக்கு முன்னால் குனிந்தாள்.

"தப்பு எங்க மேலதாம்மா. அந்த அசாகுரா அம்மா வீட்டுக்காரர் தவறி மூணு வருஷம் ஆச்சு. மாசாமாசம் பன்னண்டாம் தேதி, அவங்க மணநாள் தேதியில, ரெண்டு சீட் எடுத்துட்டு வருவாங்க. மனசு கேக்காம, தனியா வர்ற ஆம்பளை யாரையாவது பார்த்து நாங்களே அவங்க பக்கத்துல உட்கார வெச்சுருவோம். கேக், மைக், பதாகை எல்லாம் நாங்க செய்யறதுதான். இந்த வருஷத்துல சார் பதினோராவது வீட்டுக்காரர்."

காகிதம் தொமோயேயின் கையில் அப்படியே இருந்தது.

"முன்னாடி வந்த பத்துப் பேரும் மைக்கைப் பிடிச்சு, 'ஃபுமி, ஃபுமி'ன்னு அந்த அம்மா பேரைச் சொல்லித்தான் பேசினாங்க. சார் ஒருத்தர்தான் ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் 'தொமோயே, தொமோயே'ன்னே உருகினாரு. பெட்டியில எல்லாரும் கேக்கறாங்கம்மா, யாரு அந்தத் தொமோயே? உங்களுக்குத் தெரியுமா?"